கட்டி முடிக்காத விண்கலத்துக்கு முன்பணம்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். இணைய விளையாட்டுகளில் இளைஞர்கள் பணத்தை இழப்பது குறித்து நாளிதழ்களில் தொடர்ந்து வெளிவரும் செய்திகளையும் வாசகர் கடிதங்களையும் படித்து வருகிறேன். அவற்றில் பெரும்பாலானவை ரம்மி போன்று பணம் வைத்து ஆடும் ஆட்டங்களைப் பற்றியவை. அந்தக் கவலையில் எனக்கும் பங்குண்டு. ஆனால், "கம்ப்யூட்டர் விளையாட்டுக்குப் பணம் கட்டினான்" என்ற ஒரே வரியில் எல்லாவற்றையும் அடக்கிவிடுவதால், முற்றிலும் வேறான ஒரு கொடுக்கல் வாங்கல் யார் கவனத்துக்கும் வராமல் போகிறது. இன்னும் உருவாக்கி முடிக்கப்படாத விளையாட்டை, முடிக்கப்படாதது என்று சொல்லியே விற்பதையும், அது தெரிந்தே வாங்குவதையும்தான் சொல்கிறேன். கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களின் கல்லூரி மாணவர்களிடமும் இந்தப் பழக்கம் வந்துவிட்டது.

இரண்டையும் முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும். நாடாளுமன்றம் 2025-ஆம் ஆண்டு நிறைவேற்றிய இணைய விளையாட்டுச் சட்டமே அப்படித்தான் பிரிக்கிறது. பணயம் வைத்து, பதிலுக்குப் பணம் கிடைக்கும் என்று ஆடுவதை அது தடை செய்கிறது. விளையாடும் உரிமைக்காக ஒருமுறை கட்டணமோ சந்தாவோ செலுத்துவதை அது அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. ஆகவே பிள்ளை ஒரு விளையாட்டை விலை கொடுத்து வாங்கினான் என்பதாலேயே சூதாடினான் என்று பொருளாகாது. கேட்க வேண்டிய கேள்வி, கொடுத்த விலைக்குப் பொருள் கையில் வந்ததா என்பதுதான்.

உலகெங்கும் பெயர் பெற்ற மைன்கிராஃப்ட் விளையாட்டு, முடியும் முன்பே விற்கும் இந்த வழியில்தான் வளர்ந்தது. சுவீடனைச் சேர்ந்த மார்க்கஸ் பெர்சன் 2009-இல் அதை அரைகுறை நிலையிலேயே குறைந்த விலைக்கு விற்கத் தொடங்கினார். பதிப்புகள் முன்னேற முன்னேற விலையும் ஏறியது. 2011 நவம்பரில் முழுப் பதிப்பு வெளியானது. கணினி விளையாட்டுகளை விற்கும் பெரிய இணையக் கடையான ஸ்டீம், 2013 மார்ச்சில் 'எர்லி ஆக்சஸ்' (முழுமை பெறும் முன்பே வாங்கி விளையாடுதல்) என்ற பெயரில் இதை ஒரு முறையான விற்பனைப் பிரிவாகவே ஆக்கியது. வங்கியிலோ பெரிய நிறுவனங்களிடமோ கடன் கேட்க முடியாத, இரண்டு மூன்று பேர் மட்டுமே கொண்ட சிறு குழுக்களுக்கு இது பெரிய வாசலாக அமைந்தது. நம் நாட்டில் 2015 நவம்பர் முதல் ஸ்டீமில் ரூபாயிலேயே விலை குறிக்கப்படுவதால், வெளிநாட்டுப் பொருள் வாங்குகிறோம் என்ற தயக்கமும் மாணவர்களிடம் குறைந்துவிட்டது.

கணினித் திரையில் பாகங்களைப் பொருத்தி விண்கலம் கட்டி ஓட்டும் விளையாட்டுகள் இந்தப் பிரிவில் எப்போதும் தனித்து நிற்கின்றன. நான் ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியன் என்பதால் எனக்கு இவற்றின் மீது சற்றுக் கூடுதலான கரிசனம் இருப்பதை மறைக்கப் போவதில்லை. பர்கூரில் பொறியியல் படிக்கும் என் தங்கை மகன், சிறு குழு ஒன்று உருவாக்கி வரும், இன்னும் முடியாத அப்படியொரு விளையாட்டை வாங்கியிருக்கிறான். ஒருநாள் அவன் கனிமம் சுமக்கும் கலம் ஒன்றைக் கட்டி, அதன் பின்பக்கம் நான்கு பெரிய உந்திகளை, அதாவது கலத்தைத் தள்ளும் இயந்திரங்களைப் பொருத்தி, தூரத்தில் தெரிந்த விண்கல் ஒன்றை நோக்கி ஓட்டினான். முன்பக்கம் ஓர் உந்தியும் வைக்கவில்லை. உந்திகளை அணைத்த பிறகும் கலம் அதே வேகத்தில் போய்க்கொண்டே இருந்து விண்கல்லில் மோதி நொறுங்கியது. நியூட்டனின் முதல் விதியைக் கரும்பலகையில் எத்தனையோ வகுப்புகளுக்கு எழுதிப் போட்டிருக்கிறேன். அந்த விதி ஒரு மாணவனின் முகத்தில் அவ்வளவு தெளிவாக எழுதப்பட்டதை அன்றுதான் பார்த்தேன். அடுத்த கலத்தில் ஆறு பக்கமும் உந்திகள் இருந்தன.

அதே விளையாட்டின் மறுபக்கத்தையும் பார்த்தேன். ஓர் அப்டேட் வந்த பிறகு பழைய சேவ் ஃபைலை, அதாவது ஆட்டத்தைச் சேமித்து வைத்திருந்த கோப்பைத் திறந்தபோது, பல வாரங்கள் உழைத்துக் கட்டிய கலத்தின் பின்பாதி கழன்று தனியே மிதந்துகொண்டிருந்தது. சேமிப்பு அறையின் கதவு இருந்த இடத்தில் ஒன்றுமே இல்லை. அவன் கோபப்படுவான் என்று நினைத்தேன். திரையைப் படம் பிடித்து, எந்தப் பதிப்பிலிருந்து எந்தப் பதிப்புக்கு மாறியபோது இது நேர்ந்தது என்று எழுதி, உருவாக்கியவர்களுக்கு அனுப்பிவிட்டுப் புதிதாகக் கட்டத் தொடங்கினான். முடியாத விளையாட்டை வாங்குபவர் பணத்தைக் கொடுத்துவிட்டுச் சம்பளமில்லாத பரிசோதகராகவும் வேலை பார்க்கிறார் என்பதை நான் அப்போதுதான் உணர்ந்தேன். அதில் அவனுக்கு மகிழ்ச்சி இருக்கிறது, மறுப்பதற்கில்லை. ஆனால் அந்த உழைப்பையும் விலையோடு சேர்த்தே எண்ண வேண்டும் என்பது என் கருத்து.

இந்த வழியில் நல்ல முடிவு கண்ட விளையாட்டுகள் உண்டு. மெக்சிகோ நகரைச் சேர்ந்த ஸ்குவாட் நிறுவனத்தின் கெர்பல் ஸ்பேஸ் புரோகிராம் 2011-இல் முதல் பொதுப் பதிப்பைக் கண்டு, 2015 ஏப்ரலில் முழுமை பெற்றது. ராக்கெட்டை நேராக மேலே ஏவினால் போதாது, பக்கவாட்டு வேகம் பெற்றால்தான் சுற்றுப்பாதையில் நிற்கும் என்பதை உலகெங்கும் எத்தனையோ பிள்ளைகள் அதில்தான் கற்றார்கள். செக் நாட்டின் கீன் சாஃப்ட்வேர் ஹவுஸ் உருவாக்கிய ஸ்பேஸ் இன்ஜினியர்ஸ் 2013 அக்டோபரில் விற்பனைக்கு வந்து, 2019 பிப்ரவரியில்தான் முழுப் பதிப்பானது. ஐந்து ஆண்டுகளுக்கும் மேல் ஆயிற்று. பள்ளியில் படிக்கும்போது வாங்கியவர் கல்லூரியை முடித்த பிறகுதான் முழு விளையாட்டைப் பார்த்திருப்பார். இருந்தும் யாரும் ஏமாந்ததாகச் சொல்ல முடியாது, ஏனெனில் இடைப்பட்ட ஆண்டுகளிலும் கலம் கட்டி ஓட்டுவதற்குப் போதுமான விளையாட்டு அவர்கள் கையில் இருந்தது.

வேறு விதமாக முடிந்தவையும் உண்டு. விண்வெளி நிலையம் கட்டும் ஸ்பேஸ்பேஸ் டிஎஃப்-9 விளையாட்டை டபுள் ஃபைன் நிறுவனம் 2013-இல் விற்பனைக்கு விட்டது. எதிர்பார்த்த வருவாய் வராததால், திட்டமிட்டிருந்த பல அம்சங்களைக் கைவிட்டு, 2014-லேயே அதை முழுப் பதிப்பு என்று அறிவித்து வேலையை நிறுத்திக்கொண்டது. கெர்பல் விளையாட்டின் இரண்டாம் பாகத்தின் கதை இதைவிட வருத்தத்துக்குரியது. 2019-இல் அறிவிக்கப்பட்டு, பலமுறை தள்ளிப்போய், 2023 பிப்ரவரியில் 50 டாலர் விலையில் முடியாத நிலையில் விற்பனைக்கு வந்தது. வேற்றுக் கோள்களில் குடியிருப்புகள், வேறு நட்சத்திரங்களுக்குப் பயணம், நண்பர்கள் சேர்ந்து விளையாடும் வசதி என்று இனி வரப்போகும் அம்சங்களின் பட்டியலும் கூடவே வெளியானது. அதில் அறிவியல் ஆய்வுப் பகுதி மட்டும் அந்த ஆண்டு டிசம்பரில் வந்தது. 2024-இல் அதை உருவாக்கிய, அமெரிக்காவின் சியாட்டிலில் இருந்த குழுவினர் வேலையிழந்தார்கள், மற்றவை வரவில்லை. இதன் பின்னால் இருந்தது பெரிய வெளியீட்டு நிறுவனம் என்பதைக் கவனிக்க வேண்டும். சிறு குழு என்றால் ஆபத்து, பெரிய நிறுவனம் என்றால் பாதுகாப்பு என்று நம்மவர்கள் வழக்கமாகப் போடும் கணக்கு இங்கே செல்லாது.

மாந்தோப்பைப் பூவிலேயே பேசி முடிப்பது நம் மாவட்டத்துக்குப் புதிதல்ல. ஆனால் எந்த வியாபாரியும் பூவுக்குக் காயின் விலையைக் கொடுப்பதில்லை. மரத்தையும் மண்ணையும் நேரில் பார்க்காமல் முன்பணம் கொடுப்பதுமில்லை. முடியாத விளையாட்டுக்கு முழு விலை கேட்கப்படும்போது, வாங்குபவர் உண்மையில் பட்டியலில் எழுதியிருக்கும் ஆசைகளுக்குத்தான் பணம் கொடுக்கிறார்.

வியப்பு என்னவென்றால், ஸ்டீம் கடையே இதைத் தெளிவாகச் சொல்கிறது. விளையாட்டு இதற்கு மேல் மாறலாம், மாறாமலும் போகலாம், இப்போதிருக்கும் நிலையில் விளையாட விருப்பமில்லையென்றால் காத்திருங்கள் என்று வாங்கும் பக்கத்திலேயே அறிவிப்பு இருக்கிறது. எதிர்காலத்தைப் பற்றி உறுதிமொழி தரக்கூடாது, வாடிக்கையாளர் இன்றைய நிலையைப் பார்த்தே வாங்க வேண்டும், விற்பனை மிகக் குறைவாக இருந்தாலும் தொடர்ந்து உருவாக்க முடியாது என்றால் இந்தப் பிரிவுக்கே வராதீர்கள் என்று உருவாக்குபவர்களுக்கும் அது அறிவுறுத்துகிறது. எழுதியிருப்பதெல்லாம் சரிதான். ஆனால் அறிவிப்புக்குக் கீழேயே வண்ணமயமான வரைபடத்தில் வரப்போகும் கோள்களும் கலங்களும் வரிசையாக நிற்கும்போது, இருபது வயதுப் பையனின் கண் எதில் நிற்கும் என்று சொல்லத் தேவையில்லை.

பணத்தைத் திரும்பப் பெறும் விதியில்தான் எனக்கு உண்மையான மனக்குறை. 2015 ஜூன் முதல், வாங்கிய 14 நாட்களுக்குள், 2 மணி நேரத்துக்கும் குறைவாக விளையாடியிருந்தால் பணம் திரும்பக் கிடைக்கும். சுட்டுத் தள்ளும் விளையாட்டுக்கோ ஓட்டப்பந்தய விளையாட்டுக்கோ அந்த 2 மணி நேரம் போதும். விண்கலம் கட்டும் விளையாட்டில் அந்த நேரம் எந்தப் பொத்தானில் எரிபொருள் தொட்டி இருக்கிறது, எதில் உந்தி இருக்கிறது என்று தேடுவதற்கே சரியாகிவிடும். கலம் பெரிதாகும்போது கணினி திணறுவதும், பழைய சேவ் ஃபைல்கள் கெட்டுப்போவதும், இரண்டு கலங்களை இணைத்தால் இரண்டுமே வெடிப்பதும் முப்பது நாற்பது மணி நேரத்துக்குப் பிறகுதான் தெரியவரும். முடிந்த பொருளுக்கு வகுத்த காலக்கெடுவை முடியாத பொருளுக்கும் அப்படியே வைப்பது நியாயமாகப் படவில்லை; இந்தப் பிரிவுக்கு மட்டுமாவது அதை நீட்டிக்க வேண்டும். 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் வெளிநாட்டு விற்பனையாளர்களையும் கட்டுப்படுத்துகின்றன. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் அளிக்க இடம் தருகிறது. ஆனால் மேலே சொன்ன அறிவிப்பைப் படித்துவிட்டு வாங்கியவரின் வழக்கு எவ்வளவு தூரம் நிற்கும் என்பதில் எனக்குச் சந்தேகமே.

ஆகவே வாங்குவதற்கு முன் செய்ய வேண்டியவையே முக்கியம். கடைசி அப்டேட் எப்போது வந்தது என்று பார்க்க வேண்டும்; ஓராண்டுக்கு மேல் எதுவும் வராத விளையாட்டுகளின் பக்கத்தில் ஸ்டீமே 2025 முதல் அதைக் குறிப்பிட்டு எச்சரிக்கிறது. வாங்கியதும் அந்த 2 மணி நேரத்தைப் பயிற்சிப் பாடங்களில் செலவிடாமல், பிறர் கட்டிப் பகிர்ந்திருக்கும் மிகப் பெரிய கலம் ஒன்றைத் திறந்து ஓட்டிப் பார்த்தால், திரைக்காட்சிகளைக் கையாளும் தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத மடிக்கணினி அதைத் தாங்குமா என்பது அன்றே தெரிந்துவிடும். சாப்பிடப் போகும்போது விளையாட்டைத் திறந்தே வைத்துவிட்டுப் போனால் அந்த நேரமும் கணக்கில் ஏறும் என்பதைப் பலர் அறிவதில்லை.

நம் பள்ளி, கல்லூரிகளில் குடிமக்கள் நுகர்வோர் மன்றங்கள் இயங்கி வருகின்றன. எடைக்கல்லையும் காலாவதித் தேதியையும் பார்க்கச் சொல்லித் தரும் அந்த மன்றங்கள், மாணவர்கள் தாங்களே யுபிஐ மூலம் பணம் செலுத்தி வாங்கும் இத்தகைய பொருள்களையும் ஒரு கூட்டத்திலாவது எடுத்துப் பேச வேண்டும் என்று இரு மாவட்டத் தலைமை ஆசிரியர்களையும் கேட்டுக்கொள்கிறேன். தங்கள் நாளிதழின் இளைஞர் பக்கத்தில் ஸ்டீமின் அந்த அறிவிப்பையும் பணம் திரும்பப் பெறும் விதியையும் எளிய தமிழில் வெளியிட்டால், மன்றங்களின் அறிவிப்புப் பலகைகளில் ஒட்டுவதற்கும் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்,
காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி மாவட்டம்.