கதவைத் திறந்து வைத்தவர்களுக்கு

குன்னூர், கோத்தகிரி, ஊட்டி மக்களுக்கு வணக்கம்.

மாசி மாதத்தில் ஒரு சனி, ஞாயிறு முழுக்க நடந்த பழைய வீடுகள் பார்வைக்கும், இரண்டு மாலைகளிலும் நடந்த பேச்சுகளுக்கும் தோள் கொடுத்த எல்லோருக்கும் எங்கள் குழு சார்பில் இந்த நன்றி மடலை எழுதுகிறேன். சிலருக்கு நேரில் நன்றி சொல்லிவிட்டோம். சொல்ல வாய்க்காமல் போனவர்கள்தான் அதிகம். தங்கள் பெயரைப் போட வேண்டாம் என்று பலர் கேட்டுக்கொண்டார்கள். எந்த வீடு எந்தத் தெருவில் இருக்கிறது என்பதை வெளியில் சொல்ல மாட்டோம் என்று வீட்டுக்காரர்களுக்கு நாங்களும் வாக்குக் கொடுத்திருக்கிறோம். அதனால் உதவிய யாருடைய பெயரும் இங்கே இல்லை. படிக்கும்போது அவரவருக்குத் தெரிந்துவிடும்.

முதல் நன்றி வீட்டுக்காரர்களுக்கு. துணி காயும் வராந்தா, மாத்திரை டப்பா வைத்த ஜன்னல் திட்டு, பேத்தி பரீட்சைக்குப் படிக்கும் அறை எல்லாம் இருக்கிற ஒரு வீட்டுக்குள், முன்பின் தெரியாத கூட்டத்தை வாங்க என்று அழைக்கப் பெரிய மனசு வேண்டும். அப்பர் குன்னூரில் தனியாக இருக்கும் அம்மா ஒருவர், முன் ஹாலை மட்டும் காட்டுகிறேன் என்றுதான் சொல்லியிருந்தார். கூட்டம் வரத் தொடங்கியதும் அவரே முன்னால் நடந்து, சமையலறை, அதற்குப் பின்னால் விறகு அடுக்கும் அறை, தோட்டத்துப் பக்கம் போய் அஸ்திவாரச் சுவரில் இருக்கும் சின்னச் சின்ன காற்றுத் துவாரங்கள் வரை காட்டினார். "தரைப் பலகைக்கு அடியில காத்து போய் வரணும். எலி வருதுன்னு இதை அடைச்சா பலகை உளுத்துடும், வலை வேணா போட்டுக்கன்னு என் மாமனார் சொல்லுவார்" என்றார். மரத்தளம் உள்ள வீட்டில் குடியிருப்பவர்கள் சிலர் அன்று மாலையே வீட்டுக்குப் போய் அந்தத் துவாரங்களைத் தேடிப் பார்த்ததாகச் சொன்னார்கள். ஒருவர் வீட்டில் எல்லாமே சிமென்ட் வைத்து அடைக்கப்பட்டிருந்ததாம். அம்மா, நீங்கள் காட்டியது எத்தனை வீட்டுத் தரையைக் காப்பாற்றப் போகிறதோ தெரியாது. மனமார்ந்த நன்றி.

மலை ரயில் பாதையை ஒட்டி இருக்கும் சின்ன ஓட்டு வீட்டுக் குடும்பத்துக்கும் நன்றி. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை 1899-ல் ரயில் வந்தது. ஊட்டி வரை போனது 1908-ல். 2005-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அந்தப் பாதையில் தலைமுறையாக வேலை பார்த்தவர்கள் எப்படிப்பட்ட வீட்டில் குடியிருந்தார்கள் என்பதை மட்டும் யாரும் கேட்பதில்லை. தாத்தாவின் கைவிளக்கையும், குளிருக்கு அவர் போட்ட கம்பளிக் கோட்டையும் நீங்கள் எடுத்துக் காட்டியபோது அந்தச் சின்ன முன்னறையில் நிற்கவே இடமில்லை. வாசலில் காத்திருந்தவர்களுக்கு வரக்காப்பி கொடுத்துக்கொண்டே இருந்த உங்கள் மருமகளுக்கும் எங்கள் நன்றியைச் சொல்லுங்கள்.

அடுத்து, இந்த நிகழ்ச்சியின் திசையையே மாற்றியவர். பங்களாக்களை மட்டும் காட்டினால் இந்த மலையின் கதை 1819-ல் கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் ஏறி வந்த அன்றுதான் தொடங்கியது போல ஆகிவிடும் என்று ஆரம்பக் கூட்டத்திலேயே எழுந்து சொன்னார் கோத்தகிரிப் பக்கத்துப் படுகப் பெரியவர் ஒருவர். சொன்னதோடு நிற்கவில்லை. தன் ஹட்டியில் (படுகர் ஊரை அப்படித்தான் சொல்வார்கள்) எல்லோரையும் கூட்டிவைத்துப் பேசி, ஒப்புதலும் வாங்கித் தந்தார். கன்னேரிமுக்கில் சல்லிவனின் பெத்தக்கல் பங்களாவைப் பார்த்த கையோடு அவருடைய ஹட்டிக்குப் போனோம். ஒரே வரிசையில் சுவரோடு சுவர் சேர்ந்து நிற்கும் வீடுகள், முன்னால் எல்லோருக்கும் பொதுவான முற்றம். பக்கத்து வீட்டுச் சுவர் தன் வீட்டுச் சுவரும் என்பதால், ஒருவர் இஷ்டத்துக்கு இடித்துக் கட்டினால் வரிசை முழுவதற்கும் விரிசல் வரும். அதனால் வேலை தொடங்கும் முன் வரிசையில் எல்லோரிடமும் பேசிவிடுவார்கள் என்று விளக்கினார். பாலுக்கென்று இருக்கும் உள்ளறைக்கு வெளியிலேயே நின்றுகொள்ளச் சொன்னார்கள், நின்றோம். மதியம் அவரைக் குழம்பும் சோறும் போட்டு அனுப்பிய அந்த ஹட்டித் தாய்மாருக்கு என்ன கைம்மாறு செய்ய முடியும்? ஐயா, நீங்கள் அன்று பேசாமல் இருந்திருந்தால் வெறும் பங்களாச் சுற்றுலாவாகத்தான் இது முடிந்திருக்கும்.

ஊட்டியில் எங்களை வரவேற்ற மந்து, அதாவது தோடர் பழங்குடியினரின் குடியிருப்புப் பெரியவர்களுக்கும் அதே அளவு கடமைப்பட்டிருக்கிறோம். அரை பீப்பாயைக் கவிழ்த்தது போன்ற அந்த வீட்டைப் படத்தில் பார்க்காதவர் இல்லை. மூங்கிலை எப்படி வளைக்கிறார்கள், பிரம்பால் எப்படிக் கட்டுகிறார்கள், மேலே வேயும் புல்லை எந்தச் சதுப்பிலிருந்து அறுத்து வருகிறார்கள் என்பதை அவர்கள் வாயால் கேட்டது எங்களில் பலருக்கும் இதுவே முதல் தடவை. சதுப்பு நிலங்கள் சுருங்கிக்கொண்டே போவதால் அந்தப் புல் கிடைப்பது அரிதாகிவிட்டது, வீட்டைக் காப்பாற்ற வேண்டுமானால் முதலில் சதுப்பைக் காப்பாற்றுங்கள் என்றார் ஒரு பெரியம்மா. இரண்டு நாள் பேச்சிலும் இதைவிட முக்கியமான ஒன்றை யாரும் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை. கோயில் பக்கம் கேமராவைத் திருப்பாமல் நடந்துகொண்ட பார்வையாளர்களுக்கும் இந்த இடத்தில் நன்றி சொல்லிவிடுகிறேன்.

மந்திலிருந்து புனித ஸ்டீபன் ஆலயத்துக்கும், பிறகு சல்லிவன் கட்டிய கல் பங்களா வரைக்கும் நடந்தோம். வழி நெடுகக் கதை சொன்னவர்கள் கல்லூரி மாணவ மாணவிகள். 1829-ல் ஆலயத்துக்கு அடிக்கல் நாட்டியதையும், ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானின் அரண்மனையிலிருந்து பிரித்த பெரிய உத்திரங்களை இவ்வளவு தூரம் கொண்டுவந்து அதன் கூரைக்கு வைத்ததையும் ஒரு பெண் சொன்ன விதத்தில், கூட வந்த சின்னப் பிள்ளைகள் வாயைப் பிளந்து அண்ணாந்து பார்த்தார்கள். கல் பங்களாவை 1822-ல் கட்டத் தொடங்கியபோது சுற்றிலும் இருந்தது தோடர்களின் மேய்ச்சல் நிலம். அதையும் அந்தப் பெண் மறைக்காமல் சொன்னாள். நன்றாகப் படித்துத் தயார் செய்திருந்தீர்கள், பிள்ளைகளா. உங்களை அனுப்பி வைத்த பேராசிரியர்களுக்கும் நன்றி.

இனி மாலைப் பேச்சுகள். காரைக்குடிப் பக்கத்திலிருந்து வந்த சுண்ணாம்புக் கொத்தனார் ஐயாவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டும். மேடை வேண்டாம் என்று சொல்லிவிட்டார். மண்டபத்துக்குப் பின்னால் இருந்த பழைய செங்கல் சுவர் பக்கம் எல்லோரையும் கூட்டிப்போய், அங்கே ஏற்கெனவே யாரோ பூசியிருந்த சிமென்ட் பூச்சைத் தட்டிப் பெயர்த்துக் காட்டினார். உள்ளே செங்கல் மாவாக உதிர்ந்தது. சுண்ணாம்புக் காரையில் கட்டிய சுவர் ஈரத்தை உறிஞ்சும், வெயில் வந்தால் வெளியே விட்டுவிடும். அதன் மேல் சிமென்ட்டைப் பூசி, அதற்கும் மேல் பிளாஸ்டிக் பெயின்ட் அடித்தால் ஈரம் போக வழியில்லாமல் செங்கல்லையே தின்கிறது. "செவுத்துக்கு மழைக்கோட்டு மாட்டி உள்ளுக்குள்ளயே வேர்க்க விடுறீங்க" என்றார். அவ்வளவுதான், நீலகிரியில் பாதி வீடுகளின் பிரச்சினை அந்த ஒரு வாக்கியத்தில் வந்துவிட்டது.

அப்புறம் சுண்ணாம்பை நீற்றும் முறை. நீற்றிய சுண்ணாம்பைத் தண்ணீர் மூடியிருக்க வாரக்கணக்கில் ஊறவிட வேண்டும், நாள் ஆக ஆக நல்லது. கடுக்காயும் வெல்லமும் போட்டுப் புளிக்க வைத்த தண்ணீரைச் சேர்த்து அரைக்க வேண்டும். ஒரேயடியாகத் தடிமனாக அப்பாமல், மெல்லிய பூச்சாக ஒன்றன் மேல் ஒன்றாகப் போட வேண்டும். ஈரச்சாக்கால் மூடி மெதுவாகக் காயவிட வேண்டும். மலைக்கென்று ஒன்று தனியாகச் சொன்னார்: உறைபனி விழும் மாதங்களில் சுண்ணாம்பு வேலையைத் தொடவே கூடாது, காயாத பூச்சு உதிர்ந்துவிடும். பனி முடிந்து ஆனி மழை பிடிப்பதற்குள் முடித்துவிட வேண்டும். இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த எங்கள் ஊர் இளம் கொத்தனார்கள் மறுநாள் காலை மறுபடியும் வந்து, அவரோடு கலவையில் கைவைத்துப் பழகினார்கள். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்தீர்கள் தம்பிகளே. இந்த மலையில் பழைய வீடுகள் நிற்கப் போவதே உங்களை நம்பித்தான். உங்களுக்கு ஒரு பெரிய கும்பிடு.

ஓடு மாற்றும் அண்ணன் பேசியதும் அதே அளவு பயனுள்ளது. மங்களூரில் பாசல் மிஷன் என்ற கிறிஸ்தவ அமைப்பு 1865-ல் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கிய பிறகு பரவிய ஓடுகள்தான் நம் கூரைகளில் இருப்பவை. பழைய ஓட்டைத் திருப்பிப் பார்த்தால் செய்த இடத்தின் பெயர் பதிந்திருக்கும் என்று சொல்லிவிட்டு, குழந்தைகள் கையிலேயே ஓடுகளைக் கொடுத்துத் தேடச் சொன்னார். குரங்கு புரட்டிப்போட்ட நாலு ஓட்டுக்காகக் கூரையையே பிரித்துத் தகரம் போட்டுவிடாதீர்கள், அந்த நாலை மட்டும் மாற்றினால் போதும் என்பது அவர் வேண்டுகோள். மழைக்கு முன் கூரை ஓரத் தாரையில் அடைத்திருக்கும் இலையை வாரிவிட்டாலே சுவரில் ஏறும் ஈரம், அதாவது ஓதம், பாதி குறையும் என்றும் சொன்னார். 2009 நவம்பர் நிலச்சரிவைப் பார்த்த ஊர் இது. கூரைத் தண்ணீரும் முற்றத்துத் தண்ணீரும் எங்கே போய் விழுகிறது என்பது நமக்கு உயிர்ப் பிரச்சினை.

சட்டம் பற்றிப் பேசிய வழக்கறிஞருக்கு நன்றி. நூறு வருஷம் தாண்டிவிட்டால் வீடு தானாக அரசுப் பாதுகாப்பில் வந்துவிடும் என்ற நினைப்பு எங்களில் பலருக்கு இருந்தது. 1958-ம் ஆண்டுத் தொல்லியல் சட்டம் முறைப்படி அறிவிக்கப்பட்ட சின்னங்களுக்கு மட்டுமே பொருந்தும் என்பதையும், பாரம்பரியக் கட்டடங்களுக்காகத் தமிழ்நாடு 2012-ல் பாரம்பரிய ஆணையச் சட்டம் கொண்டுவந்ததையும் எளிமையாகச் சொன்னார். கேள்விகள் முடியவே இல்லை.

அந்தக் கேள்வி நேரத்தில் எழுந்த ஒரு அக்காவை மறக்க முடியாது. மலையகத் தமிழர்களைப் பற்றி இந்தியாவும் இலங்கையும் 1964-ல் செய்த சாஸ்திரி – சிறிமாவோ ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்து, அரசுத் தேயிலை நிறுவனமான டேன்டீயின் தோட்ட லைனில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளில் குடியேறிய குடும்பம். "எங்க லைன் வீடும் அம்பது வருஷத்துக்கு மேல ஆச்சு. அதுல பிறந்து வளர்ந்தவங்க கதையை யாராவது எழுதி வைப்பீங்களா?" என்று கேட்டார். மண்டபமே கைதட்டியது. என் கருத்தைக் கேட்டால், லைன் வீடும் வரலாற்று வீடுதான். பங்களாவின் கல்லையும் உத்திரத்தையும் சுமந்தவர்கள், தேயிலையை நட்டவர்கள் எங்கே தூங்கினார்கள் என்பது இல்லாமல் இந்த மலையின் வீட்டுக் கதை பாதிதான். அக்கா, உங்கள் கேள்வியை அப்படியே எழுதி வைத்திருக்கிறோம். அடுத்த முறை உங்கள் லைனிலிருந்தே தொடங்கலாம் என்று குழுவில் எல்லோரும் ஒத்துக்கொண்டிருக்கிறார்கள்.

இன்னும் எத்தனையோ பேர். நாற்காலியும் மைக் செட்டும் வாடகை வாங்காமல் கொடுத்த கடைக்காரர், வளைவுகளில் பொறுமையாக ஏற்றி இறக்கிய மினி பஸ் டிரைவர்கள், இரண்டு நாளும் டீயும் வர்க்கியும் சலிக்காமல் கொண்டுவந்து கொடுத்த பேக்கரிப் பையன்கள், குறுகிய தெருக்களில் வண்டி நிற்காமல் பார்த்துக்கொண்ட போக்குவரத்துக் காவலர்கள், வீட்டு வாசலில் செருப்பைக் காவல் காத்த பள்ளிப் பிள்ளைகள், கழிப்பறை முதல் குப்பை வரை எல்லாம் சுத்தமாக இருக்கக் காரணமான தூய்மைப் பணியாளர்கள் எல்லோருக்கும் நன்றி. சக்கர நாற்காலியில் வந்த தாத்தாவைப் படிக்கட்டில் தூக்கிச் சென்ற நாலு இளைஞர்கள் யார் என்று இன்னும் விசாரித்துக்கொண்டிருக்கிறோம். தெரிந்தால் சொல்லுங்கள்.

உண்டியலில் சேர்ந்த பணம் முழுவதும், கூரை ஒழுகும் ஒரு வீட்டுக்கு ஓடும் சுண்ணாம்பும் வாங்கப் போகிறது. வேலைக்கூலி வேண்டாம் என்று நம் ஊர்க் கொத்தனார்கள் முன்வந்திருக்கிறார்கள். கணக்கை மண்டப அறிவிப்புப் பலகையில் ஒட்டுவோம்.

பழைய குடும்பப் புகைப்படங்களைக் கொடுத்தவர்கள் வந்து வாங்கிக்கொள்ளலாம். நகல் எடுத்து முடித்துவிட்டோம். சில குடைகளும் ஒரு குழந்தையின் ஸ்வெட்டரும் மண்டபக் காவலரிடம் இருக்கின்றன. கொத்தனார் ஐயா பங்குனி கடைசியில் இன்னொரு முறை மலைக்கு வருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். சுவரில் ஓதம் ஏறியிருக்கிறதா? சிமென்ட் மூட்டை வாங்கும் முன் எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள், அவரை உங்கள் வீட்டுக்குக் கூட்டிவருகிறோம்.

அன்புடன்,
நிகழ்ச்சிக் குழுவினருக்காக,
குன்னூர்