கதவைச் சாத்திவிட்டுத்தான் தூக்கினார்

அன்புள்ள நண்பா,

கடிதம் கிடைத்தது. உன் முழங்கால் வலி குறைந்ததில் நிம்மதி. இங்கே நாங்கள் நலம். ஆனால் போன வாரம் எதிர்வீடு எரிந்துபோனது. பதறாதே, கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள், நாலு பேருமே பிழைத்துவிட்டார்கள்.

ஸ்கூட்டர் பேட்டரியைக் கழற்றி ஹாலில் சார்ஜ் போட்டுவிட்டு, உள்ளறையில் தூங்கியிருக்கிறார்கள். லித்தியம் பேட்டரி வெடித்துப் பற்றினால் தீயை முந்திக்கொண்டு புகை வந்துவிடும். அதில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ரத்தத்தில் ஒட்டிக்கொள்ளும். தூங்குகிறவன் விழிக்காமலே மயங்கிவிடுவான்.

நாங்கள் வாசலில் நின்று கத்திக்கொண்டிருந்தோம். அடுத்த வீட்டுக்காரர் சத்தமே போடாமல் கடப்பாரையோடு பின்பக்கம் போனார். புறங்கையால் கதவைத் தொட்டுப் பார்த்தார். சூடு இல்லை என்று தெரிந்த பிறகுதான் நெம்பினார். உள்ளே தரையை ஒட்டித்தான் கொஞ்சம் நல்ல காற்று இருந்ததாம், தவழ்ந்தே போயிருக்கிறார். அங்கே அவர் முதல் வேலையாகப் பிள்ளைகளைத் தூக்கவில்லை, ஹால் பக்கத்துக் கதவை இழுத்துச் சாத்தினார். அதில்தான் முன்கை வெந்தது. பல வருஷம் தொழிற்சாலையில் இருந்தவர், அங்கே தீயணைப்புப் பயிற்சியில் கற்றுக்கொண்டதாம். அந்த ஒரு கதவு தந்த அவகாசத்தில்தான் நாலு பேரும் வெளியே வந்தார்கள்.

எல்லோரும் அவர் உள்ளே புகுந்ததைத்தான் பேசுகிறார்கள். எனக்கென்னவோ அதற்கப்புறம் செய்ததுதான் பெரிதாகப் படுகிறது. "சர்டிஃபிகேட் எல்லாம் உள்ளே இருக்கு" என்று அந்தக் கணவன் திரும்ப ஓடப் பார்த்தான். இவர் இடுப்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். அடிகூட வாங்கினார், விடவில்லை. கொஞ்ச நேரத்தில் ஹால் ஜன்னல் வெடித்துத் தீ வெளியே பாய்ந்தது.

பிறகு நிதானமாகக் குழாயடியில் உட்கார்ந்து இருபது நிமிஷம் கையில் தண்ணீர் விட்டுக்கொண்டார். யாரோ பேஸ்ட் கொண்டுவந்து தடவப் போக, ஒரு அதட்டல்! அன்றைக்கு அவர் குரல் உயர்ந்தது அப்போதுதான். குடும்பத்துக்கு ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்தார்கள். இப்போது உறவினர் வீட்டில் இருக்கிறார்கள்.

சரி, நீயும் வாசல்கதவுக்குப் பக்கத்தில்தான் சார்ஜ் போடுகிறாய் என்று உன் மகன் சொன்னான். வெளியே போகிற வழியில் வேண்டாம்டா, தூங்கும்போதும் வேண்டாம். இடத்தை மாற்றிவிட்டு எழுது. அப்புறம், பேத்தியின் போட்டோ இன்னும் வரவில்லை.

அன்புடன்,
உன் பழைய சிநேகிதன்