ஹோலிஃபீல்டு கட்சிக்காரனுக்கு ஒரு பதில்

மாப்ளே,

இங்கே எல்லாரும் சுகம், அங்கேயும் அப்படித்தான் என்று வைத்துக்கொள்கிறேன். இத்தனை மாதம் வாயே திறக்காமல் இருந்ததற்கு நீ திட்டுவாய், திட்டிக்கொள். குத்துச்சண்டையில் அந்தக் காலத்து ஹோலிஃபீல்டும் இந்தக் காலத்து உசிக்கும் மோதினால் யார் ஜெயிப்பான் என்று நீ எழுதிய கடிதத்தைப் படித்ததும் கையில் இருந்த வேலையை அப்படியே போட்டுவிட்டு இதை எழுத உட்கார்ந்துவிட்டேன். "ஹோலிஃபீல்டு இருந்த இருப்புக்கு உசிக்கை ஆறே ரவுண்டில் படுக்க வைத்திருப்பான்." ஆறு ரவுண்டா? இதை நம்ம கூட்டத்து 'ரெஃப்ரி' சொல்லியிருந்தால் சரி, அவன் சுபாவம் அது என்று விட்டிருப்பேன். நீயுமா?

நானும் நொட்டாங்கை என்பதால் உசிக் பக்கம் சாய்கிறேன் என்ற பழைய வழக்கை இந்த முறை எடுக்காதே. ஹோலிஃபீல்டை எனக்கு உன்னைவிடக் குறைவாகப் பிடிக்காது. இரண்டு பேரும் ஏறி வந்த படியும் ஒன்றுதானே. க்ரூசர்வெயிட்டில் இருந்த பெல்ட்டையெல்லாம், அதாவது சாம்பியன் பட்டத்தையெல்லாம், வாரிக்கொண்டு, அதற்கு மேல் எடைப்பிரிவான ஹெவிவெயிட்டுக்கு ஏறி அங்கேயும் வாரினவர்கள். ஹோலிஃபீல்டு 1988-இல் கார்லோஸ் டி லியோனை முடித்தான், 1990 அக்டோபரில் பஸ்டர் டக்ளஸை மூன்றாவது ரவுண்டிலேயே தரையில் போட்டான். உசிக் 2018-இல் மாஸ்கோவுக்கே போய் காசியெவை அடித்து பெல்ட்டோடு திரும்பினான், பிறந்தது கிரிமியாவில் என்பதை நினைத்துப் பார். அப்புறம் 2024 மே மாதம் ரியாத்தில் டைசன் ஃப்யூரியை ஜெயித்தான். ஹோலிஃபீல்டு காலத்தில் மூன்று பெல்ட், உசிக் காலத்தில் நான்கு. அந்தக் காலத்து க்ரூசர்வெயிட் வரம்பு 190 பவுண்டு, இப்போது 200, அதனால் ஹோலிஃபீல்டு ஏறின படி இன்னும் உயரம் என்று நீ சொல்வாய். சொல், ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் பெரிய ஆட்களை அடித்தவன் நம்ம ஆள்தான் என்கிறாயே, அங்கேதான் சண்டை. 1992 நவம்பரில் மோதியபோது ரிடிக் போவ் 107 கிலோ, ஹோலிஃபீல்டு 93. அந்தப் பத்தாவது ரவுண்டை நேற்று மறுபடியும் போட்டுப் பார்த்தேன். போவின் அப்பர்கட், கீழிருந்து மோவாயைத் தூக்குகிற குத்து, விழுந்ததும் ஹோலிஃபீல்டின் கால் பின்னிக்கொள்கிறது, அடி மேல் அடி வாங்குகிறான், வேறு யாராக இருந்தாலும் உட்கார்ந்துவிடுவான், இவன் அதே ரவுண்டு முடிவதற்குள் போவைத் திருப்பி அடித்துத் தடுமாற வைக்கிறான். உடம்பு சிலிர்க்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பதினோராவதில் கீழே விழுந்தான், மூன்று நீதிபதிகளும் போவுக்கே கொடுத்தார்கள். நீ கொண்டாடுகிற அந்த ரவுண்டு அவன் தோற்ற சண்டையில் இருக்கிறது, மாப்ளே.

இப்போது உசிக். ஃப்யூரியோடு முதல் சண்டையில் இவன் சுமார் 101 கிலோ, அவன் 119. டிசம்பரில் மறுபடி மோதியபோது அவன் 127. முதல் சண்டையின் நடு ரவுண்டுகளில் ஃப்யூரி அப்பர்கட்டும் வயிற்றடியுமாகப் போட்டு எடுத்தான், நானே இவன் கதை முடிந்தது என்று சோபாவின் நுனிக்கு வந்துவிட்டேன். ஆனால் உசிக்கின் காலை மட்டும் பார். வலது பாதத்தை ஃப்யூரியின் இடது பாதத்துக்கு வெளிப்பக்கமாகக் கொண்டுபோய் வைக்கிறான். அங்கே வைத்துவிட்டால் இவனுடைய இடது கைக்கு நேர்வழி, அவனுடைய வலது கை இவனைத் தேடிக்கொண்டு வர வேண்டும். அடி வாங்குகிற ரவுண்டிலும் அந்தப் பாதம் அதையே செய்துகொண்டிருக்கிறது. ஒன்பதாவதில் இடது கை ஒன்று தலையில் இறங்கியது, ஃப்யூரி இந்தக் கயிற்றுக்கும் அந்தக் கயிற்றுக்குமாக ஆடினான், இவன் துரத்தித் துரத்தி அடித்தான், நடுவர் நடுவில் புகுந்து எண்ண ஆரம்பித்தார், அப்படி எண்ணினால் கீழே விழுந்த கணக்குதான், ஒரு புள்ளி போய்விடும். 115-112, 114-113 என்று இரண்டு பேர் உசிக்குக்கு, 114-113 என்று ஒருவர் ஃப்யூரிக்கு. அந்த எண்ணிக்கையை எடுத்துவிட்டு நீயே கூட்டிப் பார், சண்டை சமனில் முடிந்திருக்கும்.

ஹோலிஃபீல்டு சண்டையைத் தன் மனசுக்குப் பிடித்த இடத்துக்கு இழுப்பவன். அந்த இடம் அவனுக்கும் ஆபத்தான இடம், அதைப் பற்றி அவனுக்குக் கவலை இல்லை. உசிக் அந்த இடத்துக்கு வரவே மாட்டான். கூப்பிட்டால் பக்கத்துத் தெருவுக்குப் போவான். அதனால் என் தீர்ப்பு, பன்னிரண்டு ரவுண்டு, புள்ளிகளில் உசிக். ஏழு, எட்டில் வயிற்றில் நல்ல அடி வாங்குவான். 2023-இல் டேனியல் டுபுவா அடித்தது இடுப்புக்குக் கீழே, செல்லாத அடி என்று நடுவர் சொன்னாரே, அந்தச் சர்ச்சைக்குள் நான் வரவில்லை, ஆனால் வயிறு அவனுக்குப் பிடிக்காத இடம். அப்புறம் தலை மோதலும் இருக்கும். இடக்கையும் வலக்கையும் மோதினால் நெற்றிகள் இடிக்கத்தான் செய்யும், உன் ஆளுக்கு அந்த விஷயத்தில் உள்ள பெயர் மைக் டைசனைக் கேட்டால் தெரியும்.

இடக்கைக்காரனிடம் ஹோலிஃபீல்டு பட்ட பாட்டையும் சேர்த்துக்கொள். 1994-இல் மைக்கேல் மூரர், 2002-இல் கிறிஸ் பேர்டு, இரண்டு இடக்கைக்காரர்களிடமும் தோற்றான். 1997-இல் மூரரை ஐந்து தடவை விழ வைத்தானே என்பாய். வைத்தான். மூரர் உசிக் இல்லை.

சரி. இவ்வளவும் எழுதினது உன் கடிதத்தின் கடைசி வரிக்காகத்தான். போகிற போக்கில் எழுதியிருக்கிறாய், மறுபடி கையுறை மாட்ட ஆரம்பித்திருக்கிறேன், பசங்களோடு ஸ்பாரிங் என்கிற பயிற்சிச் சண்டை, போன வாரம் ஒரு பையன் நெற்றிப்பொட்டில் வைத்தான், தலைவலி இன்னும் போகவில்லை, ஆனால் சனிக்கிழமை மறுபடி போகிறேன் என்று. என்னடா இது? தலைக்கவசம் போட்டிருந்தேன் என்று சொல்லாதே. அது வெட்டுக்காயத்துக்கு, மண்டைக்குள் மூளை குலுங்குவதை அது நிறுத்தாது. முதல் அடி ஆறுவதற்குள் இரண்டாவது அடி வாங்குவதுதான் ஆளையே சாய்ப்பது, அது இருபது வயசுக்காரனுக்கே ஆபத்து, நமக்கு என்ன வயசு என்று நான் எழுத வேண்டாம்.

உன் ஆளைப் பார். 1986-இல் டுவைட் முகமது கவியோடு பதினைந்து ரவுண்டு ஆடி ஜெயித்து, உடம்பில் நீர் வற்றி ஆஸ்பத்திரிக்குப் போனவன். அப்போது அது வீரம். 2004-இல் லாரி டொனால்டிடம் தோற்றதும் நியூயார்க்கில் உரிமத்தை நிறுத்தி வைத்தார்கள், அப்புறமும் ஆடினான். 46 வயசில் வாலுயெவோடு, அந்த மலையோடு, பன்னிரண்டு ரவுண்டு. 2021-இல் 58 வயசில் விட்டோர் பெல்ஃபோர்ட் முன்னால் நின்றான், முதல் ரவுண்டிலேயே நிறுத்த வேண்டியதாயிற்று. அதை முழுசாகப் பார்க்க என்னால் முடியவில்லை. போவோடு அந்தப் பத்தாவது ரவுண்டில் நின்ற அதே பிடிவாதம்தான் அவனை அங்கேயும் கொண்டுபோய் நிறுத்தியது. உசிக் 2025 ஜூலையில் வெம்ப்ளியில் டுபுவாவை ஐந்தாவதில் முடித்தபோதே 38. அந்த இரவோடு கையுறையைக் கழற்றியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும், கழற்றவில்லை, இவனும் அந்த வழியில் போய்விடுவானோ என்று இருக்கிறது. அவனுக்கு நான் எழுத முடியாது, உனக்கு எழுத முடியும்.

சனிக்கிழமை போகாதே. டாக்டரிடம் போ, நம்ம டாக்டரிடம் இல்லை, உண்மையான டாக்டரிடம். அவர் சரி என்றால் பையை அடி, கயிறு குதி, நிழலோடு சண்டை போடு, யார் வேண்டாம் என்றார்கள்.

தலைவலி விட்ட பிறகு ஒரு வேலை. 1994 மூரர் சண்டையைச் சத்தத்தை அணைத்துவிட்டு, ரவுண்டு ரவுண்டாகப் புள்ளி போட்டு எனக்கு அனுப்பு. இரண்டாவது ரவுண்டில் ஹோலிஃபீல்டு மூரரைத் தரையில் போட்டும் ஒரு நீதிபதி அதை 10-10, அதாவது சமம், என்று எழுதினார். சரியாக எழுதியிருந்தால் அந்தச் சண்டையும் சமன்தான், பெல்ட் உன் ஆளிடமே இருந்திருக்கும். பார்த்தாயா, உனக்கு வேண்டிய சாட்சியையும் நானே எடுத்துக் கொடுக்கிறேன். ஆனாலும் ஆறு ரவுண்டு என்றது அநியாயம், அதை மட்டும் வாபஸ் வாங்கு.

உன்,
நொட்டாங்கை