கோயில் இணையதளத்தில் நிரல் தெரிகிறதா? முதலில் கதவைச் சாத்துங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தைப்பூசக் காவடிக்கு முந்தைய வாரமும் ஈஸ்டர் நாட்களின் மாரியம்மன் திருவிழாவும்தான் நம் குவாசுலு-நட்டால் கோயில், சங்க இணையதளங்களுக்கு ஆண்டிலேயே அதிகக் கூட்டம் வரும் காலம். காவடிப் பதிவு, பூசை நேரம், அன்னதானக் காணிக்கை எல்லாமே இப்போது அங்கேதான். சரியாக அந்த நேரம் பார்த்துப் பக்கத்தைத் திறந்தால் பூசை நேரத்தைக் காணோம். '<?' என்று தொடங்கி டாலர் குறியும் அரைப்புள்ளியுமாக வரிகள் ஓடுகின்றன. அல்லது பக்கம் திறக்காமல் ஒரு கோப்பு கைப்பேசியில் இறங்கிவிடுகிறது. 'பக்கம் கெட்டுப்போச்சு, திங்கட்கிழமை ஆள் வந்து பார்ப்பார்' என்று நிர்வாகக் குழு விட்டுவிடுவது வழக்கமாகிவிட்டது. திங்கட்கிழமை வரை பொறுக்கக்கூடிய காரியம் இல்லை இது.

நம் தளங்களில் பெரும்பாலானவை வேர்ட்பிரஸ் போன்ற பிஎச்பி நிரல்களில் ஓடுபவை. பிஎச்பி என்பது 1995இல் ராஸ்மஸ் லெர்டார்ஃப் வெளியிட்ட நிரல்மொழி. அப்பாச்சி, எஞ்சின்எக்ஸ் போன்ற வலைச் சர்வர்களுக்குத் தாமாக அதை இயக்கத் தெரியாது. கோப்பைப் பிஎச்பியிடம் கொடுத்து, அது தயாரித்துத் தரும் பக்கத்தை வாங்கி அனுப்புவது மட்டுமே அவற்றின் வேலை. இடையில் உள்ள இணைப்பு அறுந்தால், மடப்பள்ளி பூட்டியிருக்கும்போது பரிமாறுகிறவர் பச்சரிசியை அப்படியே இலையில் கொட்டுவது போல, கோப்பு இருந்தபடியே வெளியே போகிறது.

முகப்புப் பக்கத்தில் தெரிகிற வரிகளால் பெரிய கெடுதல் இல்லை. வேர்ட்பிரஸின் முகப்புக் கோப்பில் இருப்பவை சில வரிகள்தான். கெடுதல் பக்கத்துக் கோப்பில் இருக்கிறது. 'டபிள்யூபி-கான்ஃபிக்' என்னும் அமைப்புக் கோப்பில் தரவுத்தளத்தின் பெயர், பயனர் பெயர், கடவுச்சொல், உள்நுழைவைக் காக்கும் எட்டு இரகசியச் சாவிகள் எல்லாம் வெறும் எழுத்தாகவே எழுதப்பட்டிருக்கும். பிஎச்பி ஓடும்வரை அந்தக் கோப்பை யார் கேட்டாலும் வெற்றுப் பக்கம்தான் வரும். ஓடாதபோது அதன் பெயரை முகவரிப் பட்டையில் தட்டுகிற யாருக்கும் முழுதும் கிடைக்கும். அந்தப் பெயர் உலகமெங்கும் ஒன்றே என்பதால், தானியங்கி நிரல்கள் இரவும் பகலும் அதைக் கேட்டுத் தட்டிக்கொண்டே இருக்கின்றன.

ஆகவே நிரல் தெரிகிறது என்றால் காரணம் தேடுவதற்கு முன்பே சர்வரை நிறுத்துங்கள். வாடகைத் தளமாக இருந்தால், பிஎச்பி கோப்பு எதையும் தராதே என்னும் தடை வரியை, தளக் கோப்புறையில் அப்பாச்சிக்கு உத்தரவுகளை எழுதிவைக்கும் '.எச்டிஅக்சஸ்' கோப்பில் போடுங்கள். அதுவும் தெரியாவிட்டால் தளக் கோப்புறையின் பெயரையே மாற்றிவிடுங்கள். பக்கம் ஒரு நாள் வராமல் போனால் பக்தர்கள் தொலைபேசியில் கேட்டுக்கொள்வார்கள்.

கடவுச்சொல்லை எப்போது மாற்றுவது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். கோப்பு இன்னும் வெளியே தெரிந்துகொண்டிருக்கும்போதே பதற்றத்தில் புதுக் கடவுச்சொல்லை அதில் எழுதினால், புதியதும் வெளியே போய்விடும். கதவைச் சாத்தி, பிஎச்பி இணைப்பைச் சரிசெய்து, இயங்குகிறதென்று சோதித்த பிறகு, தளத்தைத் திறப்பதற்கு முன் மாற்ற வேண்டும். அப்போதே எட்டுச் சாவிகளையும் புதிதாக்குங்கள். உள்ளே இருக்கும் எல்லாரும் வெளியேற்றப்பட்டு மறுபடி நுழைய வேண்டியிருக்கும், அதுதான் வேண்டியதும். அதே கடவுச்சொல்லைக் கோயில் மின்னஞ்சலுக்கும் வைத்திருந்தால் அதையும் மாற்றுங்கள்.

இதில் சட்டமும் இருக்கிறது. போப்பியா என்று நாம் சொல்லும் தென்னாப்பிரிக்கத் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம், 2013ஆம் ஆண்டின் 4ஆம் எண் சட்டம், 2021 ஜூலை 1 முதல் முழுமையாக அமலில் இருக்கிறது. அனுமதியில்லாத ஒருவர் தகவலை எடுத்திருக்கலாம் என்று நம்ப நியாயமான காரணம் இருந்தால், தகவல் ஒழுங்குமுறை ஆணையத்துக்கும் சம்பந்தப்பட்டவர்களுக்கும் அறிவிக்க வேண்டும் என்கிறது 22ஆம் பிரிவு. சமய நம்பிக்கை பற்றிய தகவலை 26ஆம் பிரிவு தனிச்சிறப்புத் தகவலாகவே வைக்கிறது. காவடிப் பதிவேட்டில் பெயர், நட்சத்திரம், தொலைபேசி எண், சில இடங்களில் அடையாள எண் வரை இருக்கிறது. அது சிறிய சங்கத்தின் பட்டியல் என்பதால் சட்டம் கண்ணை மூடிக்கொள்ளாது. ஆகவே சரிசெய்யத் தொடங்குமுன் சர்வரின் அணுகல் பதிவேட்டை நகலெடுத்து வையுங்கள். அமைப்புக் கோப்பை யாராவது கேட்டார்களா, சர்வர் எத்தனை பைட் கொடுத்தது என்பது அதில் இருக்கும். 'கேட்டது கொடுக்கப்பட்டது' என்று பொருள்படும் 200 என்ற எண்ணோடு சில ஆயிரம் பைட் போயிருந்தால், கோப்பு போய்விட்டது என்று பொருள்.

இனி காரணங்கள். நம்மிடையே மிகச் சாதாரணமாக நடப்பது, வாடகை குறைவு என்று தளத்தை ஒரு நிறுவனத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும்போது வருவது. சிபேனல் என்னும் நிர்வாகப் பலகை வைத்திருக்கும் சர்வரில் பிஎச்பி பதிப்பைத் தேர்ந்தெடுத்தால், அது '.எச்டிஅக்சஸ்' கோப்பின் அடியில் தானாகவே, கோப்பை எந்த இயக்கியிடம் கொடுப்பது என்று சொல்லும் ஒரு 'ஆட்ஹேண்ட்லர்' வரியை எழுதிவைக்கும். 'ஈஏ-பிஎச்பி74' என்பது போன்ற பெயர் அதில் இருக்கும். கோப்புகளை அள்ளிக்கொண்டு வரும்போது அந்த வரியும் கூடவே வந்துவிடுகிறது. புதிய சர்வரில் அந்தப் பெயரில் எந்த இயக்கியும் இல்லை. என்ன செய்வதென்று தெரியாத சர்வர் கோப்பை அப்படியே இறக்கிக் கொடுத்துவிடுகிறது. கோப்பைத் திறந்து அந்த வரியின் தலையில் ஒரு '#' குறி போட்டாலே போதும், பெரும்பாலும் அந்தக் கணமே தளம் எழுந்துவிடும். அதன் பிறகும் கோப்பு இறங்கினால், உலாவி பழைய பதிலை நினைவில் வைத்திருக்கலாம். மறைநிலைச் சாளரத்தில் திறந்து பாருங்கள்.

சொந்தச் சர்வர் வைத்திருப்பவர்களுக்கு இது இயங்குதளத்தை மேம்படுத்தும்போது வருகிறது. டெபியன், உபுண்டு என்னும் லினக்ஸ் இயங்குதளங்களில் பதிப்புக்குப் பதிப்பு பிஎச்பியும் மாறும்: டெபியன் 11இல் பிஎச்பி 7.4, 12இல் 8.2, உபுண்டு 20.04இல் 7.4, 22.04இல் 8.1. பிஎச்பியை அப்பாச்சியோடு இணைக்கும் பழைய கூறு நீங்கிவிடுகிறது, புதியதை யாரும் இயக்கிவைப்பதில்லை. அதோடு 8ஆம் பதிப்பில் அப்பாச்சிக் கூறின் பெயரிலிருந்து 7 என்ற எண்ணும் போய்விட்டது. ஆகையால் 'மாட்_பிஎச்பி7 இருந்தால்' என்று நிபந்தனை போட்டு எழுதிய அமைப்புகளையெல்லாம் அப்பாச்சி சத்தமின்றித் தாண்டிப் போய்விடும். பிழைச் செய்தி ஒன்றுகூட வராது. 'ஏ2என்மாட்' கட்டளையால் கூறை இயக்கலாம், ஆனால் அந்தக் கூறு, அப்பாச்சி ஒரே செயல்முறைக்குள் பல இழைகளில் ஓடும் 'ஈவென்ட்' முறையோடு ஒத்துப்போகாது. தனித்தனிச் செயல்முறைகளில் ஓடும் 'ப்ரீஃபோர்க்' முறைக்கு மாற வேண்டும். புதிதாக அமைப்பவர்கள் கூறை விட்டுவிட்டு பிஎச்பி-எஃப்பிஎம் என்னும் தனிச் சேவையை வைத்துக்கொள்வதே நல்லது என்பது என் கருத்து.

இங்கே ஓர் ஏமாற்றம் காத்திருக்கிறது. கட்டளை தட்டும் முனையத்தில் பிஎச்பியின் பதிப்பைக் கேட்டால் 8.2 என்று பதில் வரும். 'அதான் ஓடுதே' என்று நினைத்துவிடக் கூடாது. அது கட்டளைவரிப் பிஎச்பி. வலைச் சர்வர் அழைப்பது வேறு. டெபியனில் இரண்டுக்கும் அமைப்புக் கோப்புகள்கூடத் தனித்தனிக் கோப்புறைகளில் இருக்கும். சரியான சோதனை, 'பிஎச்பிஇன்ஃபோ' என்ற ஒற்றை வரிக் கோப்பைத் தளத்தில் வைத்து உலாவியில் திறப்பதுதான். எந்த வழியாக ஓடுகிறது, எந்த அமைப்புக் கோப்பைப் படித்தது என்பதெல்லாம் அதில் மேலேயே தெரியும்.

சில பக்கங்கள் ஓடி, சில மட்டும் நிரலாகத் தெரிந்தால் சர்வர்மேல் குற்றமில்லை. பழைய நிரலர்கள் '<?பிஎச்பி' என்று முழுதாக எழுதாமல் '<?' என்று மட்டும் தொடங்கியிருப்பார்கள். அந்தக் குறுக்கு வழியைப் புதிய சர்வரின் அமைப்பு மூடிவைத்திருக்கும். கோப்புகளைத் திருத்திவிடுங்கள், அமைப்பைத் திறந்துவிட்டால் அடுத்த மாற்றத்தில் இதே தொல்லை திரும்ப வரும். வீட்டுக் கணினியில் பழகும் மாணவர்களுக்கு ஒரு வார்த்தை: கோப்பை இருமுறை சொடுக்கித் திறந்தால் நிரல்தான் தெரியும். எக்ஸாம்ப் என்னும் வீட்டுச் சர்வர் தொகுப்பை நிறுவி, அதன் கோப்புறையின் 'எச்டிடாக்ஸ்' உள்ளே வைத்து, 'லோக்கல்ஹோஸ்ட்' முகவரியில் திறக்க வேண்டும்.

502 அல்லது 503 என்ற எண்ணோடு வரும் பிழை வேறு வகை. அதில் நிரல் வெளியே போவதில்லை, அந்த மட்டில் நிம்மதி. சர்வர் எஃப்பிஎம்மைத் தேடிப் போய், அது கிடைக்காமல் திரும்பியிருக்கிறது. லோட் ஷெடிங் என்னும் சுழற்சி மின்வெட்டு உச்சத்தில் இருந்த 2022, 2023 ஆண்டுகளில், அலுவலக மூலையில் சர்வர் வைத்திருந்த சங்கங்களுக்கு நன்கு பழகிய பிழை இது. மின்வெட்டு இப்போது வெகுவாகக் குறைந்திருந்தாலும் கேபிள் பழுதும் திருட்டும் நின்றபாடில்லை. ஆனால் மின்வெட்டை மட்டும் குறை சொல்வது சரியல்ல. மூன்று மாதம் முன்பு யாரோ அமைப்புக் கோப்பில் ஒரு வரியைத் தவறாக மாற்றியிருப்பார். ஓடிக்கொண்டிருந்த சேவை பழைய அமைப்பையே நினைவில் வைத்து ஓடியிருக்கும். மின்சாரம் போய்த் திரும்பியதும் புதிதாகப் படித்து, தவறைக் கண்டு, எழ மறுக்கிறது. சேவையைக் கையால் 'ஸ்டார்ட்' செய்தவர் சர்வரோடு தானாக எழச் செய்யும் 'எனேபிள்' செய்யாமல் போயிருந்தாலும் இதே கதிதான். ஆகவே அமைப்பைத் தொட்ட அன்றே சோதனைக் கட்டளை கொடுத்து, சேவையை மறுதொடக்கம் செய்து பார்த்துவிட வேண்டும்.

எஞ்சின்எக்ஸின் பிழைப் பதிவேட்டில் அடைப்புக்குள் ஓர் எண் இருக்கும், அதைப் படியுங்கள். 2 என்றால், சர்வரும் எஃப்பிஎம்மும் பேசிக்கொள்ளும் சாக்கெட் கோப்பே அங்கே இல்லை: சேவை எழவில்லை, அல்லது அமைப்பில் இன்னும் 7.4இன் பாதை எழுதியிருக்கிறது. 13 என்றால் கோப்பு இருக்கிறது, தொட அனுமதி இல்லை. எஃப்பிஎம் அமைப்பில் சாக்கெட்டின் உரிமையாளரும் குழுவும் சர்வரின் பயனராக இருக்க வேண்டும், அனுமதி 0660 (உரிமையாளரும் குழுவும் மட்டும் படிக்கலாம், எழுதலாம்). 111 என்றால் கோப்பு இருந்தும் மறுமுனையில் கேட்க ஆளில்லை.

வெற்று வெள்ளைப் பக்கம் வந்தால் பிஎச்பி ஓடுகிறது, நிரல்தான் நடுவில் விழுந்திருக்கிறது. தரவுத்தளத்தோடு இணைக்கும் பழைய 'மைஎஸ்கியூஎல்_கனெக்ட்' வகை அழைப்புகள் 7.0இலேயே நீக்கப்பட்டவை. பிழையைத் திரையில் காட்டச் சொல்லி அமைப்பை மாற்றாதீர்கள், ஊரெல்லாம் பார்க்கும். பிழைப் பதிவேட்டில் வரி எண்ணோடு இருக்கும். எஃப்பிஎம்முக்கு மாறியவர்கள் '.எச்டிஅக்சஸ்' கோப்பில் பிஎச்பியின் அமைப்பை மாற்றும் 'பிஎச்பி_வேல்யூ' வரிகளை விட்டுவைத்தால் 500 பிழை வரும். அவற்றை '.யூசர்.ஐஎன்ஐ' கோப்புக்கு மாற்றி எழுதுங்கள். மாற்றம் தெரிய 300 விநாடி வரை ஆகலாம்.

தமிழ்ப் பக்கங்களுக்கென்றே இன்னொரு சிக்கல். புதிய பிஎச்பியோடு 'எம்பிஸ்ட்ரிங்' நீட்சியை நிறுவ மறந்தால், தமிழைக் கையாளும் இடத்தில் பக்கம் விழும், அல்லது நிரலர் சாதாரண வெட்டுக் கட்டளைக்குத் திரும்புவார். 'காவடி' என்ற சொல் நம் கண்ணுக்கு மூன்று எழுத்து. யூனிகோடில் ஐந்து குறிகள், யுடிஎஃப்-8இல் 15 பைட். சாதாரணக் கட்டளை பத்தாவது பைட்டில் வெட்டினால் 'ட' நடுவே பிளந்து, கறுப்புக் கட்டத்துக்குள் கேள்விக்குறி நிற்கும். எம்பிஸ்ட்ரிங் நான்கு குறியில் வெட்டினால் 'காவட' என்று நிற்கும், இகரக் குறி போய்விடும். எழுத்தை முழுதாக மதித்து வெட்டுவது 'இன்ட்ல்' நீட்சியின் 'கிராஃபீம்' கட்டளைகள்தான். அர்ச்சனைச் சீட்டில் பெயர் அறுந்து வருகிறதென்று குறைப்படும் கோயில்கள் இந்த நீட்சி இருக்கிறதா என்று பார்க்கலாம்.

வேலை முடிந்ததும் சோதனைக்கு வைத்த 'பிஎச்பிஇன்ஃபோ' கோப்பை அழித்துவிடுங்கள். 'டபிள்யூபி-கான்ஃபிக்' கோப்பைத் தளக் கோப்புறைக்கு ஒரு படி மேலே நகர்த்திவைத்தாலும் வேர்ட்பிரஸ் அதைக் கண்டுகொள்ளும்; அங்கிருந்தால் பிஎச்பி மறுபடி நின்றாலும் அது வெளியே போகாது. பாதுகாப்புக்கென்று '.ஓல்டு', '.பேக்' என்று பெயர் மாற்றி வைத்த பழைய நகல்களும் அந்தக் கோப்புறையிலேயே கிடக்கின்றனவா என்று பாருங்கள். பிஎச்பி நன்றாக ஓடும் சர்வரிலும் அவை வெறும் எழுத்தாகவே வெளியே போகும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
சாட்ஸ்வொர்த், டர்பன்