முதலில் மோட்டாருக்கு மீட்டர், அப்புறம் குழாய்க்கு விலை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தண்ணீர், காற்று போன்ற பொதுச் சொத்துகளுக்குச் சந்தை விலை வைக்க வேண்டும் என்று சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். சும்மா கிடைப்பதை யாரும் மதிப்பதில்லை, காசு கொடுத்தால்தான் அருமை தெரியும் என்பது கட்டுரையாளரின் கட்சி. நான் சென்னையின் தெற்குப் புறநகரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் சங்கப் பொருளாளர். மாதாமாதம் லாரித் தண்ணீருக்குக் காசோலை எழுதுகிறவன். எங்களுக்கு ஏற்கெனவே சந்தை விலைதான். பேரம் உண்டு, அட்வான்ஸ் உண்டு, சித்திரை பிறந்தால் விலையேற்றம் உண்டு. இத்தனை வருடமாக இந்தச் சந்தை நடந்தும், சுற்று வட்டாரத்தில் போர்வெல் ஆழம்தான் கூடிக்கொண்டே போகிறது.

அந்த விலை எதற்குப் போகிறது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். லாரி சம்ப்புக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். கிளீனர் மூடியைத் தூக்கி ஹோஸை உள்ளே விடுவார். எங்கள் வாட்ச்மேன் ஒரு டம்ளரில் பிடித்து கரைந்திருக்கும் உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டரை நனைத்துப் பார்த்து, எண் கூடுதலாக இருந்தால் முகத்தைச் சுளிப்பார். 12,000 லிட்டர் இறங்கி முடிக்க நேரமாகும் அல்லவா, அப்படி ஒரு நாள் டிரைவரிடம் கணக்குக் கேட்டேன். டீசல், வண்டித் தவணை, பேட்டா, கிளீனர் கூலி, 'வழிச் செலவு' (அது என்ன செலவு என்று நான் கேட்கவில்லை), கடைசியில் கிணற்றுக்காரருக்கு ஒரு தொகை. கிணற்றுக்காரர் அதில் கரண்டுக்கும் மோட்டார் ரிப்பேருக்கும் எடுத்தது போக மிச்சத்தை லாபமாக வைத்துக்கொள்கிறார். தண்ணீர் அவருக்குச் சும்மா. அவர் இறைக்கிற இறைப்பில் பக்கத்துத் தெருவில் அடிபம்பு காற்று வாங்கினால், அந்தத் தெருக்காரர்களுக்கு இந்தக் கணக்கில் இடமே இல்லை.

இது அவருடைய குற்றம் என்றும் சொல்ல முடியாது. தன் நிலத்துக்கு அடியில் உள்ள நீரை எடுத்துக்கொள்ள நில உரிமையாளருக்கு உரிமை உண்டு என்கிறது 1882-ஆம் வருட ஈஸ்மென்ட் சட்டம். கமலை கட்டி இறைத்த காலத்துச் சட்டம். மாட்டால் இறைப்பதற்கு ஓர் அளவு இருந்தது, இரவும் பகலும் ஓடும் சப்மெர்சிபிள் மோட்டாருக்கு அது இல்லை. சென்னைக்கும் சுற்றுக் கிராமங்களுக்கும் 1987-லேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. லைசென்ஸ் இல்லாமல் நிலத்தடி நீரை எடுத்து லாரியில் கொண்டுபோகக் கூடாது என்று அதில் இருக்கிறது. அது எப்படி அமலாகிறது என்பதைச் சாலையில் சொட்டிக்கொண்டே போகும் லாரிகளைப் பார்த்தால் தெரியும். மாநிலம் முழுமைக்குமாக 2003-ல் போட்ட நிலத்தடி நீர்ச் சட்டமோ நடைமுறைக்கே வராமல் 2013-ல் ரத்தானது.

2019 கோடையில் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவந்தார்கள். ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டர், ரயில்வேக்குக் கட்டணம் ஏழரை லட்சம் ரூபாய் என்று அப்போது செய்தி வந்தது. லிட்டருக்கு 30 பைசா ஆகிறது. அதுவும் வண்டிக் கூலிதான். ஆக, தண்ணீர் விலை என்று நாம் சொல்வதெல்லாம் பெரும்பாலும் தூக்கிவரும் கூலி. இதை இன்னும் ஏற்றினால் லாரி கூடுமே தவிர, நிலத்துக்குள் ஒரு சொட்டு கூடாது. விலை ஏற ஏற, இறைத்து விற்பவருக்கு ஆசையும் ஏறும்.

பாலக்காட்டுப் பக்கம் பிளாச்சிமடையில் நடந்ததை மறந்துவிடக் கூடாது. கோகோ கோலா ஆலை 2000-ல் வந்தது. கிணறுகள் வற்றுகின்றன, இருக்கிற தண்ணீரும் வாயில் வைக்க முடியவில்லை என்று ஊர் மக்கள் போராடினார்கள். பெருமாட்டி ஊராட்சி உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. 2003 டிசம்பரில் கேரள உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி, நிலத்தடி நீர் பொதுச் சொத்து, அரசு அதற்கு அறங்காவலர் மட்டுமே என்று தீர்ப்பளித்தார். 2005-ல் அதே நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் கொண்ட டிவிஷன் பெஞ்ச் அதை மாற்றி, நியாயமான அளவு எடுக்க நில உரிமையாளருக்கு உரிமை உண்டு என்று சொல்லி, நாளொன்றுக்கு 5 லட்சம் லிட்டர் வரை அனுமதித்தது. இதற்குள் 2004-லேயே ஆலை நின்றுவிட்டது. பிறகு கேரள அரசு அமைத்த குழு 2010-ல் சேதத்தைக் கணக்கிட்டு 216 கோடி ரூபாய்க்கு மேல் என்றது. ஆக, விலை போட முடியாமல் இல்லை. எல்லாம் முடிந்த பிறகு போட்டார்கள். மோட்டாரைப் போடும் அன்றே அந்தக் கணக்கைப் போட்டிருந்தால் ஆலை அங்கே வந்திருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

காற்றைப் பற்றியும் கட்டுரையாளர் எழுதியிருந்தார். சூரத்தை அவர் சொல்லாமல் விட்டது ஆச்சரியம், அவர் வாதத்துக்கே அது பக்கபலம். அங்கே நிலக்கரி எரிக்கும் ஜவுளி ஆலைகளின் புகைத் தூசுக்கு 2019-ல் ஒரு சந்தையே தொடங்கினார்கள். தூசு வெளியிடும் உரிமத்தை ஆலைகள் தங்களுக்குள் வாங்கி விற்கலாம். கிலோவுக்கு 5 ரூபாய்க்குக் குறையாது, 100 ரூபாயைத் தாண்டாது. சந்தையில் சேர்ந்த ஆலைகளின் தூசு, பழைய விதிப்படி நடந்த ஆலைகளைவிட 20 முதல் 30 சதவீதம் குறைந்ததாக ஆய்வில் தெரிந்தது. சந்தையே வேண்டாம் என்று ஒரேயடியாகச் சொல்கிறவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். ஆனால் அங்கே முதலில் ஒவ்வொரு புகைபோக்கியிலும் அளவு பார்க்கும் கருவி மாட்டினார்கள். மொத்தமாக இவ்வளவு தூசுக்கு மேல் கூடாது என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் உச்சவரம்பு வைத்தது. அதற்கு அப்புறம்தான் ஏலம், விலை எல்லாம்.

தண்ணீர் விஷயத்தில் நாம் இதைத் தலைகீழாகச் செய்யப் பார்க்கிறோம். விலை என்றதும் எல்லார் கண்ணும் வீட்டுக் குழாய்க்குத்தான் போகிறது, அங்கே ஆளைப் பிடிப்பது சுலபம். வீட்டுக்குக் குடிக்க, சமைக்க, குளிக்க வேண்டியதை விட்டுவிடுங்கள். கேன் கம்பெனி, லாரிக் கிணறு, ஓட்டல், ஆலை, எங்களைப் போன்ற அடுக்குமாடி, இவர்களின் போருக்கு மீட்டர் வைத்து, அந்த வட்டாரத்தில் மழை எவ்வளவு உள்ளே இறக்குகிறதோ அதற்குள் மொத்த உச்சவரம்பு கட்டட்டும். அதற்குப் பிறகு லிட்டருக்கு இவ்வளவு என்று வசூலித்து, அந்தப் பணத்தை அதே ஊராட்சியின் ஏரியைத் தூர்வாரக் கொடுத்தால் நான் முதல் ஆளாகக் கட்டுவேன். எங்கள் வளாகத்தில் இரண்டு போர் இருக்கிறது. மீட்டர் என்றால் சங்கக் கூட்டத்தில் சத்தம் கிளம்பும், தெரியும். எல்லா வளாகத்துக்கும் லாரிக் கிணற்றுக்கும் சேர்த்துச் சட்டம் வந்தால் சமாளித்துக்கொள்ளலாம்.

சந்தை விலை வேண்டும் என்கிற கட்டுரையாளர், அதை எந்த இடத்தில் வைத்து யாரிடம் வாங்குவது, வாங்கிய பணம் யாருக்குப் போவது என்பதையும் அடுத்த இதழில் எழுதினால் நல்லது.

இப்படிக்கு,
குடியிருப்போர் சங்கப் பொருளாளர் ஒருவர்,
மேடவாக்கம், சென்னை.