என் 17 வருடம் எந்தக் கணக்கில்? (2024-இல் எழுதிய கடிதம்)

ஒன்றிய நிதி அமைச்சகத்துக்கும், ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டத்துக்கு விதிகள் எழுதப்போகும் அதிகாரிகளுக்கும்,

வணக்கம். நான் ஒரு தபால்காரன். 2024 ஆகஸ்ட் 24 அன்று அமைச்சரவை ஒப்புதல் தந்த இந்தத் திட்டம் 2025 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வருமாம். விதிகள் அச்சான பிறகு சொல்லிப் பயனில்லை என்பதால் இப்போதே எழுதுகிறேன்.

25 வருடம் பணி முடித்தவருக்குக் கடைசி 12 மாத அடிப்படைச் சம்பளச் சராசரியில் பாதி ஓய்வூதியம். அதற்குக் குறைந்தால், குறைந்தது 10 வருடமாவது இருந்தால், விகிதாசாரப்படி. இப்போதுள்ள என்.பி.எஸ்.ஸில் (தேசிய ஓய்வூதியத் திட்டத்தில்) பங்குச்சந்தையை நம்பிக் கிடப்பதற்கு இது மேல்தான், மறுக்கவில்லை. தபால் பிரிக்கும் சார்ட்டிங் மேசையில் உட்கார்ந்து என் கணக்கைப் போட்டபோதுதான் இடித்தது.

1998-இல், 24 வயதில், கிளை அஞ்சலகம் ஒன்றில் ஈ.டி.யாக, அதாவது இலாகாவின் நிரந்தரப் பணிக்கு வெளியே உள்ள பகுதிநேர ஊழியனாகச் சேர்ந்தேன். இப்போது ஜி.டி.எஸ். (கிராமின் டாக் சேவக்) என்கிறார்கள், ஊரில் இன்னும் ஈ.டி.தான். காகிதத்தில் ஐந்து மணி நேர வேலை. பையைக் கட்டி அரக்கு வைத்து பஸ்ஸில் ஏற்றிவிட்டு, மூன்று கிராமத்துக்குச் சைக்கிள் மிதித்துத் திரும்பிக் கணக்கு எழுதி முடித்தால் எத்தனை மணி ஆகும் என்று காகிதத்துக்குத் தெரியாது. 2015-இல் இலாகா தேர்வு எழுதி, 41 வயதில் தபால்காரன் ஆனேன். முந்தைய 17 வருடம் ஓய்வூதியத்துக்குச் சேராது என்பது விதி. உச்ச நீதிமன்றமும் 2019-இல் அதையே சொல்லிவிட்டது. ஆக, 2034-இல் ஓய்வு பெறும்போது எனக்கு 19 வருடப் பணி. 50 சதவீதம் 38 ஆகிவிடுகிறது.

பழைய ஓய்வூதியத்திலும் ஒரு காலத்தில் முழுத் தொகைக்கு 33 வருடம் வேண்டும் என்றிருந்தது. ஆறாவது ஊதியக் குழுவுக்குப் பிறகு அது போய், 10 வருடம் முடித்து வயது முதிர்வில் ஓய்வு பெற்றாலே பாதிச் சம்பளம் என்றானது. பிடுங்கிப் போட்ட ஆணியை ஏன் மறுபடி அடிக்கிறீர்கள்?

ஓய்வின்போது மொத்தமாகத் தரும் தொகையும் அப்படித்தான். ஒவ்வொரு ஆறு மாதப் பணிக்கும் மாதச் சம்பளத்தில் பத்தில் ஒரு பங்கு, எனக்கு 3.8 மாதச் சம்பளம். மாதா மாதம் என்னிடம் பிடிக்கும் 10 சதவீதமோ, 19 வருடத்தில் ஏறக்குறைய 23 மாதச் சம்பளம். இப்போதுள்ள என்.பி.எஸ்.ஸில் சேர்ந்ததில் 60 சதவீதத்தைக் கையில் வாங்கலாம். புதியதில் எங்கள் பணம் திரும்ப வருமா? அறிவிப்பில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை. விதியிலாவது எழுதுங்கள்.

ஈ.டி. வருடங்களை முழுதாகக்கூட வேண்டாம், பாதியாகச் சேர்த்தாலே எனக்கு 27 வருடம் வந்துவிடும்.

என்னைவிடத் தாமதமாக, 50 வயதை ஒட்டித் தேர்வாகி வந்த நண்பர் ஒருவர் இருக்கிறார். ஓய்வு பெறும்போது அவருக்கு 9 வருடம் 8 மாதம்தான் ஆகியிருக்கும். அந்த நாலு மாதத்துக்கு என்ன வழி என்று கேட்டு எழுதச் சொன்னார்.

இப்படிக்கு,
ஒரு தபால்காரன்