‘யுவர் நேம்’ படத்தை மறுபடி எடுக்கப்போகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

பாராமவுண்ட், பேட் ரோபோ நிறுவனங்களில் இந்தப் படத்தின் பொறுப்பைக் கையில் வைத்திருக்கும் அனைவருக்கும்,

வணக்கம்.

இயக்குநர் மகோடோ ஷின்காயின் ‘யுவர் நேம்’ 2016இல் வந்த ஜப்பானிய அனிமேஷன் படம். அதை நடிகர்களை வைத்து ஆங்கிலத்தில் எடுக்கப்போவதாக 2017 செப்டம்பரில் அறிவித்தீர்கள். அதற்கப்புறம் இயக்குநராக மார்க் வெப் வந்தார், லீ ஐசக் சுங் வந்தார், 2022இல் கார்லோஸ் லோபஸ் எஸ்ட்ராடாவின் பெயர் வந்தது. இதை எடுக்கவே கூடாது என்று சொல்லும் ரசிகர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் அந்தக் கட்சி இல்லை. நல்ல கதை ஊர் விட்டு ஊர் போகத்தான் செய்யும். இராமகதை போகாத ஊரா? எடுங்கள். எதைக் கொண்டுபோகிறீர்கள், எதை விட்டுவிட்டுப் போகிறீர்கள் என்பதுதான் என் கவலை.

(படம் பார்க்காத தமிழ் வாசகர்கள் இதோடு நிறுத்திக்கொண்டு பார்த்துவிட்டு வாருங்கள். முடிச்சு எல்லாவற்றையும் அவிழ்த்துத்தான் பேசப்போகிறேன்.)

உங்கள் தரப்பிலிருந்து வெளிவந்த கதைச்சுருக்கத்தின்படி, கிராமப்புறத்தில் வாழும் ஓர் அமெரிக்கப் பழங்குடிப் பெண்ணும் சிகாகோ பையன் ஒருவனும் அவ்வப்போது உடல் மாறிப்போகிறார்கள். அப்புறம் ஒரு பேரிடர் அவர்கள் வாழ்க்கையைக் குலைக்க வருகிறது. படித்ததும் எனக்கு உறுத்தியது இந்த ‘வருகிறது’தான். ஷின்காயின் படத்தில் பேரிடர் வரவில்லை. வந்துபோய் மூன்று வருடம் ஆகிவிட்டது.

உடல் மாறும் கதைகள் உங்கள் ஊரிலும் ஏராளம். ஜப்பானிலும் ஆயிரம் வருடத்துக்கு முந்தைய ஹேயான் காலத்திலிருந்தே ஆண் பெண்ணாகவும் பெண் ஆணாகவும் வாழும் கதை உண்டு. படத்தின் முதல் பகுதியில் வரும் அந்தக் குழப்பமும் சிரிப்பும் யார் எடுத்தாலும் சுமாராக வந்துவிடும். படம் உண்மையில் திரும்பும் இடம் வேறு. டோக்கியோ பையன் டாகி, உடல் மாறியபோது பார்த்த ஏரியையும் மலையையும் நினைவிலிருந்து வரைந்து எடுத்துக்கொண்டு ஹிடா மலைப்பகுதிக்குப் போகிறான். யாருக்கும் அந்த இடம் தெரியவில்லை. கடைசியில் ஒரு ராமென் கடையில் அந்தப் படத்தைப் பார்த்ததும், இது இடோமோரி என்கிறார்கள். கடைக்காரருக்கே அதுதான் சொந்த ஊர். போய்ப் பார்த்தால் ஊர் இல்லை. தியாமட் வால்நட்சத்திரத்திலிருந்து உடைந்த ஒரு துண்டு 2013 அக்டோபர் 4ஆம் தேதி திருவிழா இரவில் அதன் மேல் விழுந்து, ஐந்நூறு பேருக்கு மேல் இறந்துபோயிருக்கிறார்கள். டாகி அவசரமாகத் தன் கைபேசியை எடுத்துக் காட்டப் பார்க்கிறான். அவனோடு உடல் மாறிய கிராமத்துப் பெண் மிட்சுஹா அதில் எழுதிவைத்த நாட்குறிப்பு அவன் கண்ணெதிரே எழுத்து எழுத்தாகக் குலைந்து அழிகிறது. நூலகத்தில் இறந்தவர்களின் பட்டியலில் அவள் பெயர் இருக்கிறது. அவன் இத்தனை நாள் பேசிக்கொண்டிருந்தது, செத்து மூன்று வருடமான ஒரு பெண்ணோடு.

அந்த மூன்று வருடத்தை எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது நேரத்துக்குள் ஓடிப்போய்க் காப்பாற்றும் சாகசம்தான். அதற்கு இந்தப் படம் தேவையில்லை.

அந்த மூன்று வருடம் எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். 2011 மார்ச் 11 நிலநடுக்கத்துக்குப் பிறகு, ஜூலையில், ஷின்காய் மியாகி மாநிலத்தின் நடோரி நகரில் உள்ள யுரியாகே கடலோரத்துக்குப் போனார். சுனாமி வழித்துக்கொண்டுபோன இடம் அது. நான் இந்த ஊரில் பிறந்தவனாக இருந்திருந்தால் என்ற எண்ணம் அங்கேதான் அவருக்கு வந்தது. யோசித்துப் பாருங்கள், உடல் மாறுவதன் வேர் அதுதான். அந்த வருடம் டோக்கியோவில் பத்திரமாக இருந்த லட்சக்கணக்கான பேர், போனவர்களில் ஒருவரையாவது முன்னாடியே தெரிந்திருந்தால், ஒரே ஒரு நாள் அவர்களாக இருந்திருந்தால் என்று ஏங்கிய ஏக்கத்துக்குத்தான் ஷின்காய் இந்த வடிவத்தைக் கொடுத்தார்.

அதே போல இன்னொன்று. மிட்சுஹாவும் நண்பர்களும் ஊரைக் காலி செய்ய வைக்க முயலும்போது, ஊர் அலுவலகத்தின் ஒலிபெருக்கி ‘இருக்கும் இடத்திலேயே இருங்கள்’ என்று அறிவிக்கிறது. 2014 ஏப்ரலில் தென்கொரியாவில் செவோல் கப்பல் மூழ்கியபோது உள்ளே இருந்தவர்களுக்கு அதே அறிவிப்புதான் சொல்லப்பட்டது. இறந்த முந்நூறுக்கும் மேற்பட்டவர்களில் பெரும்பாலோர் சுற்றுலா கிளம்பிய மேல்நிலைப் பள்ளி மாணவர்கள். அந்தச் செய்தி தன்னை உலுக்கியது என்று ஷின்காயே சொல்லியிருக்கிறார். பெரியவர்கள் இருக்கச் சொல்கிறார்கள், பதினேழு வயதுப் பிள்ளைகள் ஓடச் சொல்கிறார்கள். அதனால்தான் இது பதின்பருவத்துக் கதை. தயவுசெய்து இவர்களை இருபத்தைந்து வயதாக்கி விடாதீர்கள்.

இடோமோரி எப்படிப்பட்ட ஊர் என்பதையும் பாருங்கள். மிட்சுஹாவின் வீட்டில் பாட்டியும் இரண்டு பேத்திகளும் குமிஹிமோ கயிற்று வேலையில் உட்கார்ந்திருக்கிறார்கள். கனமான கட்டைகளில் சுற்றிய நூல்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குறுக்கே போகின்றன, கட்டைகள் ஒன்றோடொன்று தட்டிக்கொள்கின்றன. சின்னவள் யோட்சுஹா தானும் பின்னுவேன் என்று அடம்பிடிக்க, பாட்டி ஹிடோஹா கதை சொல்கிறாள். இருநூறு வருடத்துக்கு முன் மயுகோரோ என்ற செருப்புத் தொழிலாளி வீட்டில் பிடித்த தீ கோயிலையும் ஏடுகளையும் சேர்த்து எரித்துவிட்டது. திருவிழாவும் ஆட்டமும் எதற்காக என்பது அதோடு போயிற்று, செய்யும் முறை மட்டும் தங்கிவிட்டது. அவர்கள் அதையும் விடாமல் செய்துகொண்டிருக்கிறார்கள். பக்கத்திலேயே ஏரி இருக்கிறது. ஆயிரத்து இருநூறு வருடத்துக்கு முன் இதே வால்நட்சத்திரம் விழுந்து உண்டான பள்ளம் அது. மலைக்கு மேலே குகையின் கூரையில் வால்நட்சத்திரத்தை வரைந்தே வைத்திருக்கிறார்கள். எச்சரிக்கை ஊரெல்லாம் கிடக்கிறது, படிக்கத் தெரிந்தவர்தான் யாரும் இல்லை.

இது ஷின்காயின் வெறும் கற்பனை இல்லை. 869இல் செண்டாய்ச் சமவெளியில் பெரிய சுனாமி வந்ததை ஜப்பானிய அரசவை வரலாற்று நூலிலேயே எழுதிவைத்திருந்தார்கள். 2011க்கு முன்பே நிலவியலாளர்கள் கடலிலிருந்து கிலோமீட்டர் கணக்கில் உள்ளே மண்ணைத் தோண்டி, அந்த அலை கொட்டிப்போன மணல் அடுக்கைக் கண்டுபிடித்து எச்சரித்தும் இருந்தார்கள். மறுபக்கம், இவாடே மாநிலத்தின் மியாகோ நகரில் அனேயோஷி என்று ஒரு குக்கிராமம். 1933 சுனாமிக்குப் பிறகு அங்கே ஒரு கல் நட்டு, இதற்குக் கீழே வீடு கட்டாதே என்று செதுக்கிவைத்தார்கள். ஊர் அதை மதித்தது. 2011இல் அலை அந்தக் கல்லுக்குக் கீழேயே நின்றுவிட்டது, வீடுகள் தப்பின.

தமிழில் படித்து வளர்ந்த எனக்கு இது புதுக்கதை மாதிரி இல்லவே இல்லை. மணிமேகலையில், மகனை இழந்த துயரத்தில் சோழன் இந்திர விழா எடுக்க மறந்துபோகிறான், புகார் நகரத்தைக் கடல் கொள்கிறது. சடங்கை மறந்த ஊரை நீர் எடுத்துக்கொண்டது என்று எங்கள் ஆட்கள் எப்போதோ எழுதிவைத்துவிட்டார்கள். 2004 டிசம்பரில் நாகப்பட்டினம் கரையை அந்த அலை அடித்தபோது அந்தப் பழைய கதை ஓர் எச்சரிக்கை என்று எத்தனை பேருக்கு நினைவு வந்திருக்கும்?

சரி, காதலுக்கு வருகிறேன். அதை எழுதுகிறவர்கள் பெரிய வசனமாக எழுதிவிடுவார்களோ என்று பயம். இவர்கள் இருவரும் சேர்ந்து ஒரு காப்பி கூடக் குடித்ததில்லை. ஒருவரின் நாட்களை இன்னொருவர் வாழ்ந்து பார்த்ததில் வந்த காதல் இது. டாகியின் உடம்பில் இருக்கும் மிட்சுஹா, அவன் வேலை பார்க்கும் உணவகத்தில் உடன் வேலை செய்யும் ஒகுதேராவின் கிழிந்த பாவாடையை எம்பிராய்டரி போட்டுத் தைத்துக் கொடுக்கிறாள். மிட்சுஹாவின் உடம்பில் இருக்கும் டாகி, மலையேற முடியாமல் தவிக்கும் அவள் பாட்டியை முதுகில் தூக்கிக்கொண்டு நடக்கிறான். யாரோ ஒருவரின் பாட்டி எவ்வளவு கனம் என்று தோளால் தெரிந்துகொண்ட பையன் அவளை நேசிக்காமல் என்ன செய்வான்? இந்த இரண்டு காட்சியையும் நேரம் போதவில்லை என்று வெட்டிவிடாதீர்கள்.

அதே போல, ஊர்த் தலைவரான அப்பாவிடம் மிட்சுஹா கடைசியில் என்ன சொன்னாள் என்பதைப் படம் காட்டவே இல்லை. அறைக்குள் நுழைகிறாள், அவ்வளவுதான். மனைவி இறந்தபின் கோயிலையும் வீட்டையும் விட்டுப்போன மனிதர் அவர். மகளை ஏறிட்டுப் பார்த்த அந்தப் பார்வையே போதும். உங்கள் ஆட்கள் அங்கே ஐந்து நிமிட உரை ஒன்றைக் கட்டாயம் எழுதுவார்கள். கிழித்துப் போடுங்கள்.

இனி, முக்கியமாகக் கேட்க வந்தது.

ஜப்பானியப் பதிப்பு வேண்டுமானால் நாங்களே எடுத்துக்கொள்வோம், எங்களுக்கு மேற்கத்தியப் பதிப்பு வேண்டும் என்று உரிமை வைத்திருப்பவர்கள் கேட்டதாக உங்கள் எழுத்தாளர் எரிக் ஹெய்சரர் ஆரம்பத்தில் சொன்னார். அப்படியானால் கதையை நேர்மையாகவே அமெரிக்காவுக்குக் கொண்டுபோங்கள். இடோமோரிக்கு நிகரான ஊர் உங்களிடம் இருக்கிறது. வாஷிங்டன் மாநிலத்தின் பசிபிக் கடற்கரையில்.

1700 ஜனவரி 26 இரவு ஒன்பது மணி அளவில், வடக்கு கலிபோர்னியாவிலிருந்து வான்கூவர் தீவு வரை கடலடியில் நிலம் உடைந்தது. நிலநடுக்கத்தின் அளவு ஏறக்குறைய 9. அங்கே எழுத்தில் யாரும் பதியவில்லை. கரையோரப் பழங்குடி மக்கள் மட்டும் இடிப்பறவையும் திமிங்கிலமும் சண்டையிட்ட கதையாகவும், ஒரே இரவில் காணாமல்போன ஊர்களின் கதையாகவும் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்தார்கள். படித்தவர்கள் அதைப் புராணம் என்று ஒதுக்கிவைத்தார்கள். 1980களில் நிலவியலாளர் பிரையன் அட்வாட்டர் அந்தக் கரையோரச் சேற்றில், நிலம் சட்டென்று தாழ்ந்து உப்புநீர் புகுந்து செத்துப்போன மரங்களையும் சுனாமி மணலையும் கண்டுபிடித்தார். ஆனால் அது நடந்த நாளும் நேரமும் கிடைத்தது எங்கே தெரியுமா? ஜப்பானில். நிலநடுக்கமே உணராமல் திடீரென்று கடல் உள்ளே வந்தது என்று அங்கே ஊர்க்கணக்குகளில் எழுதிவைத்திருந்தார்கள். நிலநடுக்க ஆய்வாளர் கென்ஜி சடாகேயும் கூட்டாளிகளும் 1996இல் அந்தக் குறிப்புகளை அமெரிக்கக் கரையோடு பொருத்திக் கணக்கிட்டார்கள். அந்த அலை வீடுகளை அழித்த இடங்களில் ஒன்று குவகசாகி. இன்று அது மியாகோ நகரத்தின் ஒரு பகுதி. அனேயோஷிக் கல் இருக்கும் அதே மியாகோ.

கடலின் இந்தக் கரையில் வாய்மொழிக் கதை, அந்தக் கரையில் எழுதிவைத்த கணக்கு. ஒருவருக்கொருவர் தெரியாத இரண்டு ஊர்கள், ஒரே இரவின் பாதிப் பாதியை முந்நூறு வருடம் பத்திரமாக வைத்திருந்தன. இதைவிட நல்ல உடல் மாற்றக் கதையை யார் எழுதப்போகிறார்கள்? சிகாகோவை விடுங்கள். பையன் மியாகோவில் இருக்கட்டும், பெண் வாஷிங்டன் கரையில் இருக்கட்டும்.

பெண்ணின் ஊரைக் கண்டுபிடிக்கவும் கஷ்டப்பட வேண்டாம். கில்லியூட் பழங்குடி மக்களின் லா புஷ் கிராமம் கடலை ஒட்டியே இருக்கிறது. பள்ளிக்கூடமும் அலை வரக்கூடிய இடத்தில்தான் இருந்தது. 2012இல் அமெரிக்க நாடாளுமன்றம் சட்டம் இயற்றி, தேசியப் பூங்காவிலிருந்து மேட்டு நிலத்தை அவர்களுக்குக் கொடுத்தது. அவர்கள் முதலில் மேலே கொண்டுபோனது பள்ளிக்கூடத்தைத்தான். 2022இல் அது திறந்தது. படத்தில் மிட்சுஹா ஊரையே எங்கே கூட்டிக்கொண்டுபோகப் பார்க்கிறாள்? மேலே இருக்கும் பள்ளிக்கூடத்துக்கு.

ஒரு நிபந்தனை உண்டு. பழங்குடிப் பெண் என்ற அடையாளத்தைக் கதாநாயகிக்கு அணிகலனாக மாட்டிவிட்டு, எந்தக் குலம், எந்தக் கரை, எந்தப் பாட்டி என்று சொல்லாமல் விட்டால் அது பெரிய அநியாயம். மிட்சுஹாவை வெறும் ‘ஆசியப் பெண்’ என்று எழுதியிருந்தால் ஷின்காயின் படம் இருந்திருக்காது. இடிப்பறவைக் கதை அந்த மக்களுக்குச் சொந்தமானது. சில கதைகள் சில குடும்பங்கள் மட்டுமே சொல்ல வேண்டியவை. ஆகவே திரைக்கதை எழுதத் தொடங்கும் முன்பே அங்குள்ள பெரியவர்களிடம் போய்க் கேளுங்கள். எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்று அவர்கள் சொல்லட்டும். அவர்கள் வேண்டாம் என்றால் அந்த ஊரை விட்டுவிடுங்கள். சரி என்றால் அவர்கள் பிள்ளைகளில் ஒருவரை எழுத்தாளர் அறையில் சம்பளத்தோடு உட்கார வையுங்கள். நடிகர் தேர்வை லாஸ் ஏஞ்சலஸில் தொடங்காமல் அந்தக் கரையோரப் பள்ளிக்கூடங்களில் தொடங்குங்கள். பாட்டி வேடத்துக்கும் சேர்த்துத்தான்.

அன்புடன்,
இந்தப் படத்தை நேசிக்கும் ஒரு தமிழ் ரசிகர்